தூக்கிப்போகும் ரயில் பலகை: வாசகர் கேள்வி – பதில்

மாடல் ரயில் லேஅவுட்டுக்கான பேஸ்போர்டு, அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் அடிப்பலகை, பற்றி வந்த கேள்விகள் பலவும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகின்றன: செய்தாகிவிட்டது, தூக்கத்தான் முடியவில்லை. தூக்க முடிந்தவர்களுக்கு வேறு கவலை. பிரித்து மறுபடி சேர்த்தால் தண்டவாளம் ஒட்டவில்லை. இந்த இதழில் இரண்டையும் பார்த்துவிடுவோம்.

கேள்வி: 1200 × 600 மி.மீ. அளவில் ஒரு போர்டு. மேலே 12 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), கீழே 50 × 20 மி.மீ. மரச்சட்டம். ஒற்றை ஆளாக மாடிப்படி ஏற்ற முடியவில்லை. கனத்தை எங்கே குறைப்பது?

பதில்: முதலில் மேல்பலகையில். அந்த அளவு 12 மி.மீ. எம்.டி.எஃப். மட்டுமே 6 கிலோவைத் தாண்டும். அதே அளவில் 6 மி.மீ. பிர்ச் பிளைவுட் சுமார் 3 கிலோ. பாப்லர் பிளைவுட் என்றால் 2 கிலோகூட வராது. போதாக்குறைக்கு எம்.டி.எஃப். ஓரத்தில் ஈரம் பட்டால் ஊதும், ஊதியது திரும்ப அடங்காது. ஓரத்தில் ஸ்க்ரூ முடுக்கினால் இரண்டாகப் பிளக்கும்.

பலகை மெலிந்தால் நடுவில் தொங்காதா என்று கேட்பீர்கள். 600 மி.மீ. இடைவெளியில் சட்டம் வைத்தால் தொங்கும். 300 மி.மீ.க்குள் ஒரு குறுக்குச் சட்டம் இருந்தால் 6 மி.மீ. பிளைவுட் தாராளமாகத் தாங்கும்.

அடுத்தது சட்டம். ஒரு சட்டம் வளையாமல் நிற்பது பெரும்பாலும் அதன் உயரத்தால்தான், தடிமனால் அல்ல. தடிமனை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்கு. உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு. உங்கள் 50 × 20 சட்டத்துக்குப் பதில், 6 மி.மீ. தடிமனும் 100 மி.மீ. உயரமும் உள்ள பட்டையைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒரே மரம் என்று வைத்துக்கொண்டால், மரம் 40 சதவீதம் குறைகிறது, விறைப்போ 2.4 மடங்கு ஆகிறது. அந்த 50 × 20 சட்டத்தையே படுக்கையாக வைத்து ஒட்டுகிறவர்களும் உண்டு. அது சுமக்கும் கனத்துக்குச் செய்யும் வேலை மிகக் குறைவு.

கேள்வி: பிளைவுட் முழுத் தாள் ஒன்று வாங்கினால் இத்தகைய போர்டு எத்தனை செய்யலாம்? அறுக்கும் அளவுகளும் செய்முறையும் வேண்டும்.

பதில்: 2440 × 1220 மி.மீ. தாள், 6 மி.மீ. தடிமன். சரியாக இரண்டு போர்டு வரும். ரம்பம் தின்கிற 3 மி.மீ.யையும் சேர்த்த கணக்கு இது.

தாளின் நீளம் பாதியாகும்படி குறுக்கே வெட்டுங்கள். ஒரு பாதியில் 1200 × 600 மேல்பலகை இரண்டு. மறு பாதியை 100 மி.மீ. அகலமுள்ள 11 பட்டைகளாக அறுங்கள். நீளம் ஒவ்வொன்றும் 1200. நான்கு பட்டைகள் அப்படியே பக்கச் சட்டங்கள். மூன்று பட்டைகளை 588 மி.மீ. துண்டுகளாக வெட்டினால் ஆறு குறுக்குச் சட்டங்கள், போர்டுக்கு மூன்று. மீதி நான்கு பட்டைகளிலிருந்து எட்டு 588 மி.மீ. துண்டுகள்; அவற்றை இரண்டிரண்டாக ஒட்டினால் 12 மி.மீ. தடிமனில் நான்கு முனைச் சட்டங்கள். ஓரத்தில் 80 மி.மீ.க்கு மேல் ஒரு சிம்பு மிஞ்சும். தூக்கிப் போடாதீர்கள், தண்டவாள முனைகளைக் காக்கும் தகட்டுக்கு ஆகும்.

முனை மட்டும் ஏன் இரட்டைத் தடிமன்? போல்ட்டும் டோவலும் (இரண்டு போர்டையும் இடம் மாறாமல் பொருத்தும் முளை) உட்காரும் இடம் அது. போர்டின் வேறு எந்தப் பகுதியிலும் கஞ்சத்தனம் செய்யலாம், அங்கே மட்டும் கூடாது.

பட்டைகளை அறுக்கும்போது ரம்பத்தின் வழிகாட்டிச் சட்டத்தை இடையில் நகர்த்தாமல் பதினொன்றையும் ஒரே மூச்சில் அறுத்துவிடுங்கள். 100 என்பது 99.5 ஆகிப்போனாலும் பரவாயில்லை, பதினொன்றும் 99.5 ஆக இருந்தால் சரி. ஒன்று மட்டும் அரை மி.மீ. தூக்கிக்கொண்டு நின்றால் மேல்பலகையில் அந்த இடம் முதுகாகத் தெரியும். ரயில் அதை மேடு என்றே எடுத்துக்கொள்ளும்.

ஒட்டும் வரிசை: முதலில் முனைச் சட்டங்களை இரட்டையாக ஒட்டி, இரண்டு நேரான பலகைகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு ஒரு இரவு விடுங்கள். டோவல் துளைகளையும் இந்தக் கட்டத்திலேயே போட்டுவிடுவது உத்தமம்; முறை கீழே வருகிறது. பிறகு மேல்பலகையைத் தலைகீழாக, உண்மையிலேயே தட்டையான ஒரு பரப்பில் கிடத்துங்கள். நல்ல ஃப்ளஷ் கதவு ஒன்றைப் படுக்கப் போட்டால் போதும். தரையை நம்ப வேண்டாம். பசை காயும்போது கீழே என்ன கோணல் இருக்கிறதோ, போர்டு அதைப் படியெடுத்துக்கொள்ளும், பிறகு விடாது.

முனைச் சட்டங்கள் பக்கச் சட்டங்களுக்கு உள்ளே உட்கார வேண்டும். இடையில் மூன்று குறுக்குச் சட்டங்களைச் சம தூரத்தில் வைத்தால் ஒவ்வொரு கட்டமும் 289.5 மி.மீ. வரும். 6 மி.மீ. பிளைவுட்டின் ஓரத்தில் ஸ்க்ரூ நிற்காது. ஆகவே ஒவ்வொரு மூலையிலும் 20 × 20 மி.மீ. மரக்கட்டை ஒன்று, 90 மி.மீ. உயரத்தில். நான்கு மூலைக்கு நான்கு, குறுக்குச் சட்ட முனைகளுக்கு ஆறு. வெள்ளை மரப்பசையே போதும். பிதுங்கும் பசையை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

பசை இறுகுவதற்குள் மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். 1200 × 600க்கு இரண்டும் 1342 மி.மீ. காட்ட வேண்டும். ஒன்று 1340, மற்றது 1344 என்றால், நீளமானதன் இரு முனைகளையும் நீளக் கிளாம்பால் உள்ளே நெருக்குங்கள். சரியானதும் மேலே கனம் ஏற்றி 24 மணி நேரம் தொடாதீர்கள்.

பாப்லரில் செய்தால் ஒரு போர்டு 4 கிலோவுக்குள், பிர்ச்சில் 6 கிலோவுக்குள் நிற்கும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஒட்டுவதற்கு முன் ட்ராக் வரைபடத்தை மேல்பலகையில் விரித்து, ஒவ்வொரு பாயின்ட்டும் (ரயிலைத் தடம் மாற்றும் கிளைப்பு) எங்கே விழுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். பாயின்ட்டை நகர்த்தப் பலகைக்கு அடியில் மாட்டும் பாயின்ட் மோட்டாரின் இடத்தில் குறுக்குச் சட்டம் வந்தால் சட்டத்தைத்தான் 40, 50 மி.மீ. நகர்த்த வேண்டும். சம இடைவெளி அழகுக்குத்தான். இடைவெளி 300ஐ வெகுவாகத் தாண்டாத வரை எங்கே வைத்தாலும் சரி.

கேள்வி: கனம் குறைய குறுக்குச் சட்டங்களில் வட்ட ஓட்டைகள் போடலாமா?

பதில்: போடுங்கள், கனம் குறையும் என்று எண்ணிப் போடாதீர்கள். மேலே சொன்ன போர்டில் சட்டத்துக்கு மூன்றாக ஒன்பது ஓட்டைகள், ஒவ்வொன்றும் 50 மி.மீ. விட்டம் என்று போட்டாலும், பாப்லரில் 50 கிராம் தேறாது. ஓட்டை வயர் போவதற்கு. உயரத்தின் நடுவில் போட்டு மேலும் கீழும் 25 மி.மீ. மரம் விட்டுவைத்தால் சட்டம் பலம் இழக்காது. ஆறு சட்டங்களையும் ஒன்றாக அடுக்கிக் கிளாம்ப் போட்டு ஒரே தடவையில் துளையிட்டால் ஓட்டைகள் நேர்கோட்டில் வரும், வயர் இழுப்பது சுலபம்.

கேள்வி: 100 மி.மீ. உயரம் தேவையா? 60 போதும் என்கிறார் நண்பர்.

பதில்: மெதுவாக நகரும் பாயின்ட் மோட்டார்களில் சில 85 மி.மீ. வரை தொங்கும். அவற்றைப் போடப் போவதில்லை என்றால் 75 வரை குறைக்கலாம். 60இல் போர்டின் அடிப்பாகத்தைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் மோட்டார்தான் முதலில் தரையைத் தொடும்.

கேள்வி: பிளைவுட்டே இல்லாமல் முழுவதும் நுரைப்பலகையில் செய்தால் இன்னும் இலேசாகுமே?

பதில்: ஆகும். வெப்பத்தடுப்புக்காக விற்கும் எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகை 30 மி.மீ. தடிமனில் 1200 × 600க்கு 700 கிராம்தான். மணிமணியாக உதிரும் வெள்ளைத் தெர்மோகோல் அல்ல, வெட்டினால் வழவழவென்று முகம் காட்டும் வகை. ஆனால் நுரை ஓரத்தில் நசுங்கும், போல்ட்டைப் பிடிக்காது, ஆணியைப் பிடிக்காது. கார் டிக்கியில் ஒரு இடி பட்டால் மூலை போய்விடும்.

ஆகவே சட்டம் முழுவதும் மேலே சொன்ன பிளைவுட்டிலேயே இருக்கட்டும், மேல்பலகை மட்டும் நுரையாகட்டும். சுற்றிலும் பிளைவுட் விளிம்பு நுரையின் மேல் முகம் வரை ஏறி நிற்க வேண்டும். அதற்குப் பக்கச் சட்டத்தையும் முனைச் சட்டத்தையும் 130 மி.மீ. ஆக அறுத்து, குறுக்குச் சட்டத்தை 100லேயே விடுங்கள். நுரை உள்ளே இறங்கி உட்காரும். ஏரி, பள்ளம், வாய்க்கால் என்று நிலத்தைத் தோண்ட நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

தவறு நடப்பது பசையில். கரைப்பான் கலந்த எந்தப் பசையும், ஸ்ப்ரே பெயின்ட்டும் நுரையைத் தின்றுவிடும். கண்ணெதிரே குழி விழும். நுரைக்கென்று விற்கும் பசையோ பாலியூரிதேன் பசையோ வாங்குங்கள். பாலியூரிதேன் பொங்கும், எனவே மேலே கனம் வைக்காமல் விட்டால் பலகை தூக்கிக்கொள்ளும். நுரைக்கும் நுரைக்கும் நடுவே வெள்ளைப் பசை தடவினால் காற்று புகாததால் நடுப்பகுதி வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். சூடான கம்பியால் வெட்டுபவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்து வெட்டுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. நீளமான கட்டர் பிளேடு போதும், அது கூர்மையாக இருந்தால்.

பாயின்ட் வரும் இடத்தில் 100 × 100 மி.மீ. பிளைவுட் துண்டை நுரையின் மேல் முகத்தோடு சமமாகப் பதித்து, அதற்குக் கீழே நுரையை வெட்டி எடுத்துவிட்டு, மோட்டாரை அந்தத் துண்டின் அடியில் மாட்டுங்கள். இல்லையென்றால் 30 மி.மீ. நுரையைத் தாண்டிப் போகும் கம்பி வில்லாக வளையும், பாயின்ட் பாதியில் நிற்கும்.

கேள்வி: இரண்டு போர்டையும் எம்8 போல்ட் இரண்டு போட்டு இணைக்கிறேன். ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் தண்டவாளம் ஒரு மில்லிமீட்டர் இப்படியோ அப்படியோ விலகிவிடுகிறது. பெட்டிகள் கவிழ்கின்றன.

பதில்: போல்ட்டின் வேலை இழுத்துப் பிடிப்பது. இடம் காட்டுவது அதன் வேலையல்ல. 8 மி.மீ. போல்ட் நுழைய 8.5 அல்லது 9 மி.மீ. துளை போடுகிறோம். அந்த இடைவெளிக்குள் போர்டு எங்கே வேண்டுமானாலும் நிற்கும். தண்டவாளத்தின் தலை அகலமே 1 மி.மீ.யை ஒட்டித்தான் என்னும்போது இது தாங்காது. போல்ட்டை இறுக்கமாக்கினாலும் பயனில்லை. மரை மரத்தை அரம்போல் அராவி நாலு தடவையில் துளை பெருத்துவிடும்.

தேவை, பித்தளையில் ஆண், பெண் என்று ஜோடியாக வரும் வார்ப்பு டோவல்கள். ஒரு இணைப்புக்கு இரண்டு ஜோடி. எவ்வளவு தள்ளித் தள்ளி வைக்கிறீர்களோ அவ்வளவு துல்லியம். இரு ஓரங்களிலிருந்தும் 70 மி.மீ. உள்ளே என்பது நல்ல இடம்.

சேரப் போகும் இரண்டு முனைச் சட்டங்களையும் முகத்தோடு முகம் வைத்து, மேல் விளிம்புகள் விரலால் தடவினால் தெரியாத அளவுக்குச் சமமாக்கிக் கிளாம்ப் போடுங்கள். செங்குத்தாக, இரண்டையும் துளைத்துக்கொண்டு போகும்படி 2 மி.மீ. துளை. டிரில் ஸ்டாண்ட் இருந்தால் அதில். கையால் போட்டால் சாய்ந்துவிடும். பிரித்து, டோவலின் வட்டத் தகடு பதியும் குழியை ஃபோர்ஸ்ட்னர் பிட்டால் (அடி தட்டையான வட்டக் குழி எடுக்கும் துளைமுனை), சேரும் முகத்தில், அந்தத் துளையையே மையமாகக் கொண்டு எடுங்கள். குழி எடுத்த பிறகுதான் நடுத் துளையைப் பெரிதாக்க வேண்டும். வரிசை மாறினால் ஃபோர்ஸ்ட்னரின் நடு முள்ளுக்குப் பிடிமானம் இல்லாமல் குழி அலைந்துவிடும். பெண் பகுதி முகத்துக்குச் சமமாகவோ தாள் கனம் உள்ளேயோ இருக்கட்டும், வெளியே துருத்தினால் இணைப்பில் இடைவெளி விழும்.

கடைசிப் படிதான் மிச்சமிருக்கும் சிறு பிழையையும் விழுங்குவது. டோவலை எபாக்ஸியில் பதிக்கும்போது ஆணும் பெண்ணும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய நிலையில், நடுவே மெழுகுத் தாள் வைத்து, சட்டங்களைச் சேர்த்துக் கிளாம்ப் போட்டுக் காயவிடுங்கள். ஜோடி எங்கே நிற்க விரும்புகிறதோ அங்கேயே எபாக்ஸி அதைப் பிடித்துக்கொள்ளும். எந்தச் சட்டம் எதன் ஜோடி என்று உள்பக்கம் எழுதிவையுங்கள்.

பிறகு எம்8 போல்ட்டுக்கு 10 மி.மீ. துளை, வேண்டுமென்றே தொளதொளவென்று. 30 மி.மீ. அகல வாஷர், விங் நட், கையால் முடிந்த அளவு இறுக்கம். ஸ்பேனர் வேண்டாம்.

டோவல் கிடைக்காதவர்கள், ஊசியை உருவி எடுக்கும் வகைக் கீல்களைப் போர்டின் இரு பக்கங்களிலும் மாட்டலாம். ஊசி இறுக்கமாக இருக்கும் கீலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கேள்வி: போர்டு முனையில் தண்டவாளம் பிளாஸ்டிக் ஸ்லீப்பரிலிருந்து பிய்ந்து வந்துவிடுகிறது.

பதில்: முனையில் பிளாஸ்டிக்கை நம்பக் கூடாது. கடைசி 25, 30 மி.மீ.க்கு ஸ்லீப்பரை வெட்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் நேர் கீழே ஒரு பித்தளை மர ஸ்க்ரூ. முன்துளை போடாமல் முடுக்கினால் பித்தளை முறியும். அதன் தலை தண்டவாளத்தின் அடியை லேசாகத் தொடும் உயரம் வந்ததும் நிறுத்தி, இரண்டையும் சால்டர் செய்யுங்கள். பக்கத்துப் பிளாஸ்டிக் உருகாமல் ஈரத்துணித் துண்டை அணைத்துவையுங்கள்.

செம்புப் பூச்சுள்ள சர்க்யூட் போர்டு ஸ்லீப்பரும் இதே வேலையைச் செய்யும். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே செம்பை அறுத்துப் பிரிக்க மறந்தால் லேஅவுட் முழுவதும் ஷார்ட். தேடிக் கண்டுபிடிக்க ஒரு மாலை போகும்.

தண்டவாளத்தை இரண்டு போர்டுக்கும் சேர்த்தே ஒரே நீளமாகப் போட்டு, சால்டர் எல்லாம் முடிந்த பிறகு, இணைப்புக் கோட்டில் மெல்லிய வெட்டு வட்டால் அறுங்கள். தனித்தனியாகப் போட்டுப் பிறகு ஒட்டவைக்கப் பார்த்தால் ஒட்டாது. அறுத்த முனையின் உள் விளிம்பை அரத்தால் இரண்டு இழுப்பு. கூடுமானவரை இணைப்பைத் தண்டவாளம் செங்குத்தாகக் கடக்கட்டும், இணைப்பின்மேல் பாயின்ட் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பெயின்ட் அடித்த பிறகு பலகை கிண்ணம்போல் வளைந்துவிட்டது.

பதில்: மேலே மட்டும் அடித்திருப்பீர்கள். அடித்த முகம் ஈரத்தை விடாது, அடிக்காத முகம் இழுக்கும், விடும். ஒரு பக்கம் விரிந்து மறு பக்கம் விரியாவிட்டால் பலகை வளையத்தான் வேண்டும். அடிப்பக்கத்துக்கும் சட்டத்தின் உள்முகத்துக்கும், முக்கியமாக அறுத்த ஓரங்களுக்கும், அதே வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். பல சமயம் பாதி வளைவு அதிலேயே திரும்பும். இது மரவேலை முடிந்ததும், மண்ணும் பிளாஸ்டரும் நனைவதற்கு முன் நடக்க வேண்டிய வேலை.

கிண்ணமாக இல்லாமல் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, இரண்டு நேரான சட்டங்களைப் போர்டின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, ஒன்றின் விளிம்பு வழியாக மற்றதைக் கண்ணோடு கண்ணாகப் பாருங்கள். 2 மி.மீ. வரை முறுக்கு இருந்தால் பக்கத்துப் போர்டோடு போல்ட் போடும்போது நேராகிவிடும். அதற்கு மேல் என்றால் தட்டைப் பரப்பில் கிளாம்ப் போட்டு நேராக்கிய நிலையில், அடியில் மூலைக்கு மூலை ஒரு பட்டையை ஒட்டுவதுதான் வழி.

கேள்வி: அலுமினியச் சட்டம்?

பதில்: இலேசு, நேராக இருக்கும், முறுக்காது. மின்சாரம் கடத்தும் என்பதுதான் குறை. உரிந்த வயர் ஒன்று தொட்டால் போதும். பசையும் மரத்தில் ஒட்டுவதுபோல் ஒட்டாது, ரிவெட் வேண்டும்.

கேள்வி: கால்கள் எப்படி? மடக்கும் கால் நல்லதா, தனிக் காலா?

பதில்: தனிக் கால். கீலும் பூட்டும் போர்டுக்கே கனம் சேர்க்கும், போர்டைத் தூக்கும்போதெல்லாம் அதையும் தூக்க வேண்டும். முதல் போர்டுக்கு நான்கு கால், அடுத்தடுத்த போர்டுக்குத் தொலைமுனையில் இரண்டே கால். மறுமுனை முந்தைய போர்டின் முனைச் சட்டத்தில் ஒட்டிய 20 மி.மீ. மரப்படியில் உட்காரும். உட்காரவைத்துவிட்டு நிதானமாக டோவலை நுழைத்துப் போல்ட் போடலாம், இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

34 × 34 மி.மீ. மரம் போதும். மேல்பலகை தரையிலிருந்து 1100 மி.மீ. உயரத்தில் வேண்டுமென்றால், 106 மி.மீ. போர்டு உயரத்தைக் கழித்து 994. காலை 970க்கு அறுத்து, அடியில் டி-நட் (மரத்தில் பதியும் மரையுள்ள நட்) பதித்து எம்8 போல்ட்டைப் பாதமாக முடுக்குங்கள். தரை எங்கும் சமமாக இருப்பதில்லை. குறுக்கே ஒரு சாய்வுச் சட்டம் போடாவிட்டால், யாராவது சாய்ந்தவுடன் மொத்தமும் ஆடும்.

கேள்வி: போர்டுக்குப் போர்டு வயர் எப்படி இணைப்பது?

பதில்: முக்கிய லைனுக்கு 1.5 சதுர மி.மீ. வயர், அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய கிளை வயர். இணைப்பில் மல்டிபின் பிளக். கரன்ட் வரும் பக்கம் எப்போதும் சாக்கெட், வாங்கும் பக்கம் பின். மாற்றிப் போட்டால் கழற்றிய பிளக்கின் பின்களில் கரன்ட் வெளியே நிற்கும், எதையாவது தொட்டு ஷார்ட் ஆகும். வீட்டு மின்சாரத்தைப் போர்டின் அடியில் கொண்டுபோகாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் தரையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: ரயில் ஓடும்போது மத்தளம்போல் சத்தம்.

பதில்: மெல்லிய பலகை அப்படித்தான் பேசும். 3 மி.மீ. கார்க் போட்டு, ஜல்லியை வெள்ளைப் பசைக்குப் பதில் காய்ந்தாலும் ரப்பராக இருக்கும் லேட்டெக்ஸ் பசையால் ஒட்டுங்கள். வெள்ளைப் பசை கல்லாக இறுகி, கார்க் தடுத்த சத்தத்தைச் சுற்றுவழியில் பலகைக்கே கொண்டுசேர்த்துவிடும்.

கேள்வி: வண்டியில் ஏற்றும்போது மரமும் சிக்னலும் உடைகின்றன.

பதில்: இரண்டு போர்டையும் முகத்தோடு முகம் வைத்து ஒரே பெட்டியாக்குங்கள். இரு முனைகளிலும் 9 மி.மீ. பிளைவுட் தகடு, அதே எம்8 துளைகளில் போல்ட். இடைவெளிக்கு, இரண்டு போர்டிலும் எதிரெதிரே வரும் உயரங்களைக் கூட்டி 25 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் சிக்னல் மற்றதன் வெற்று வயலுக்கு நேரே வருமாறு போர்டைத் திருப்பி வைத்துப் பார்த்தால் இடைவெளி பாதியாகக் குறையலாம். தகட்டின் நடுவில் 100 × 30 மி.மீ. கைப்பிடித் துளை போட்டு, அதன் விளிம்பை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். இந்தப் பெட்டி 12 கிலோவாவது இருக்கும், கூர் விளிம்பு விரலை அறுக்கும். தண்டவாள முனைகள் தகட்டை உரசும் இடத்தில், மிஞ்சிய அந்தச் சிம்பிலிருந்து 10 மி.மீ. குறுகிய பட்டைகளை இரண்டு தண்டவாளத்துக்கும் வெளியே ஒட்டினால் தகடு முனைகளைத் தொடாது.